மஞ்சள் சேலை அக்காவுக்கு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற பஸ். காய்ச்சலோடு மடியில் கிடந்த என் ஒன்றரை வயது மகனுக்குக் கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், இன்னொருவர் வாயில் துணி வைக்கச் சொன்னார். நான் கத்தியதுதான் மிச்சம்.

"வாயில ஒண்ணும் வைக்காதீங்க!" என்று அதட்டி, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வழிந்த எச்சிலை முந்தானையால் துடைத்துக்கொண்டே, வாட்ச்சைப் பார்த்தபடி 108-க்குப் போன் போடச் சொன்னீர்கள். 5 நிமிடம் தாண்டினால் மருந்து போட்டுத்தான் நிறுத்தணுமாம். 2 நிமிடத்தில் நின்றது.

6 மாதம் முதல் 5 வயது வரை வருகிற காய்ச்சல் வலிப்புதான், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். இப்போது வீடெல்லாம் ஓடுகிறான். ஆம்புலன்ஸ் வரை ஓடிவந்து அவன் ஒற்றைச் செருப்பைக் கொடுத்தீர்களே, உங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி, அக்கா.