கேபிளை வெளியே விடுங்கள்: மவுண்டன் பைக் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மவுண்டன் பைக் ஃபிரேம் வடிவமைக்கும் ஐயாக்களே, அம்மாக்களே,

வணக்கம். சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். கியர் கேபிள் தேய்கிற பொருள். பிரேக் பேடு, செயின், டயர் எல்லாம் எப்படியோ அப்படித்தான் அதுவும், மழைக்காலம் முடிந்தால் மாற்றியே ஆக வேண்டும். அதைக் கொண்டுபோய் ஃபிரேமுக்குள் ஒளித்து வைக்கிறீர்களே, அது யாருக்காக?

நான் ஓட்டுவது கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டப் பாதைகளில். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே சேறு படாத இடமே சைக்கிளில் இருக்காது. கேபிள் கெட்டுப்போவது சட்டென்று தெரியாது, முதலில் செயின் பின்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்குவதுதான் மக்கர் பண்ணும். பெரிய சக்கரத்துக்கு ஏற்றும்போது இழுப்பது நம் கட்டைவிரல், உள்ளே எவ்வளவு அழுக்கு இருந்தாலும் அதற்குப் பலம் இருக்கிறது. இறக்கும்போது வேலை பார்ப்பது டீரெய்லரில் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்) இருக்கும் ஸ்பிரிங் மட்டும்தான், அவுட்டருக்குள், அதாவது கம்பியின் மேலுறைக்குள், துளி துருவும் கொஞ்சம் சேறும் இருந்தால் போதும், திணறிவிடும். 12 ஸ்பீடு கேசட்டில் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 4 மில்லிமீட்டர்கூட வராது. பழைய 7 ஸ்பீடில் 5 மில்லிமீட்டர் இருந்தது, முன்னே பின்னே இருந்தாலும் ஓடிவிடும். அதற்கும் முன்னால், 1984-ல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ தன் டூரா ஏஸ் கியர் செட்டில் கிளிக் வைத்து மாறும் முறையைக் கொண்டுவருவதற்கு முன், லீவரைக் கையாலேயே நகர்த்தி, சத்தத்தைக் கேட்டுச் சரியான இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். கேபிள் இறுகினாலும் தளர்ந்தாலும் கை பார்த்துக்கொள்ளும்.

ஆக, கேபிள் சுத்தமாக இருக்க வேண்டிய அவசியம் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறது, நீங்களோ அதைக் கைக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள்.

கேபிள் வெளியே ஓடும் பைக்கில் இது ஒரு வேலையே இல்லை. 5 எம்.எம். அல்லன் கீயால் டீரெய்லர் போல்ட்டைத் தளர்த்தி, முனையை வெட்டி, ஷிஃப்டரை (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் லீவர்) கடைசி கியரில் வைத்துப் பழைய கம்பியை உருவி, புதியதைக் கோர்த்து இழுத்துக் கட்டி, கேபிள் இறுக்கத்தைச் சரிசெய்யும் பேரல் அட்ஜஸ்டரைக் கால் கால் சுற்றாகத் திருப்பினால் முடிந்தது. சைக்கிள் கடை அண்ணன் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார்.

இப்போது என் பைக்குக்கு வாருங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த மாதிரி அது ஒன்று மட்டும் இல்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே ஹெட் டியூப் பக்கம் ஒரு ஓட்டை, பின்சக்கரத்துக்குக் கிட்டே செயின்ஸ்டேயில் ஒரு ஓட்டை, நடுவில் வழிகாட்ட ஒன்றுமே கிடையாது. 1.2 மில்லிமீட்டர் கம்பி டவுன் டியூபில் (ஃபிரேமின் கீழ்க் குழாய்) சாதுவாக இறங்கும், பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட் கிட்டே வந்ததும் முட்டி நிற்கும். அழுத்தினால் உள்ளேயே வளைந்து வந்த வழியே திரும்பும், வெளியே எடுத்தால் முனை இழை இழையாக விரிந்திருக்கும், அதில் ஒரு இழை நகத்துக்கு அடியில் ஏறும். விரிந்ததைக் கம்பியின் முறுக்கு ஓடும் பக்கமாகவே மறுபடி முறுக்கி, மறுபடி உள்ளே விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால் பின் ஓட்டைக்குப் பக்கத்தில் கம்பி பளிச்சென்று தெரியும், கொக்கி போட்டு இழுக்கப் போனால் நழுவிவிடும். ஊக்கு இல்லாமல் பாவாடைக்கு நாடா கோர்க்கிற வேலை. கடைக்குக் கொண்டுபோனாலோ அண்ணன் அந்த ஓட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "வச்சுட்டுப் போங்க தம்பி, நாளைக்குப் பார்க்கலாம்" என்பார்.

தந்திரங்கள் இல்லாமல் இல்லை. பழைய கம்பியை உருவும் முன் அதன் மேலேயே மெல்லிய பிளாஸ்டிக் லைனரை ஓட்டிவிட்டால் வழி தொலையாது. நூலை ஒரு ஓட்டையில் விட்டு மறு ஓட்டையில் வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சலாம். சைக்கிள் கருவிகள் செய்யும் பார்க் டூல் இதற்கென்றே காந்தம் வைத்த கிட் விற்கிறது. விற்கட்டும். ஆனால் 200 ரூபாய்க்குள் கிடைக்கிற ஒரு கம்பியை மாற்றக் காந்தமும் வேக்குவம் கிளீனரும் தேவைப்படுகிறது என்றால், கோளாறு கம்பியில் இல்லை. (ஷிஃப்டருக்குள்ளேயே கம்பி அறுந்து, அதன் தலை உள்ளே சிக்கிக்கொள்ளும் கூத்து வேறு இருக்கிறது. ஷிஃப்டர் செய்பவர்களைத் தனி மடலில் கவனித்துக்கொள்கிறேன்.)

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஹெட்செட் (ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் திரும்ப உதவும் பேரிங்) வழியாக எல்லாவற்றையும் உள்ளே விடும் புதுப் பழக்கம் இருக்கிறதே, அதற்கு எந்தச் சமாதானமும் எனக்குத் தோன்றவில்லை. மழையில் ஓடும் பைக்கில் சீக்கிரம் துருப்பிடிக்கிற பேரிங்குகளில் ஹெட்செட்டும் ஒன்று. அந்த பேரிங்கின் நடுவே கியர் அவுட்டரும் ஹைட்ராலிக் பிரேக் ஹோஸும் போனால், ஒரு பேரிங்கை மாற்ற பிரேக் ஹோஸைக் கழற்றி, திரும்ப மாட்டி, பிரேக்கை பிளீட் பண்ண, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, வேண்டும். காற்றுத் தடை குறையும் என்பது ரேஸ் பைக்கில் எடுபடலாம். சேற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறுகிறவனிடம் காற்றைப் பற்றிப் பேசாதீர்கள்.

வெளியே விட்டால் சேறு படுமே என்பீர்கள். ஷிஃப்டரிலிருந்து டீரெய்லர் வரை முழு நீளத்துக்கு அவுட்டர் போட்டு, டவுன் டியூபுக்கு அடியில் கிளிப் வைத்துப் பிடித்துவிட்டால் கம்பியில் சேறு படாது. பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பீர்கள். இருக்கட்டும்.

வயரே வேண்டாமே, வயர்லெஸ் இருக்கிறதே என்றும் சொல்வீர்கள். 2019-ல் ஸ்ராம் கம்பெனியின் ஈகிள் ஏஎக்ஸ்எஸ் என்ற வயர்லெஸ் கியர் வந்தது, 2025-ல் வந்த ஷிமானோவின் புது எக்ஸ்டிஆர் கியர் செட்டுக்குக் கேபிளே கிடையாது. நல்லது, அந்த விலை கொடுக்க முடிந்தவர்களுக்குத் தொல்லை தீர்ந்தது. ஆனால் விலை உயர்ந்த ஃபிரேம்கள் பலவற்றில்தான் ஒரு ஓட்டையிலிருந்து மறு ஓட்டை வரை உள்ளே குழாய் வைத்திருக்கிறீர்கள், கம்பியை ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் தானாக வந்துவிடும். குழாய் இல்லாத வெற்று ஓட்டைகள் வருவது குறைந்த விலை ஃபிரேம்களில், கடைசிவரை கேபிளிலேயே ஓடப்போகிற பைக்குகளில். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பவுடன் என்பவர் 1896-ல் பேடண்ட் வாங்கிய பொருள் இந்தக் கேபிள். உள்ளே ஒரு கம்பி, வெளியே ஒரு உறை, எந்த ஊர் மெக்கானிக்கும் பழகிய சங்கதி. அதை வாங்குகிறவனுக்கும் பழுதுபார்க்கிறவருக்கும் எட்டாமல் செய்ய நீங்கள் தனியாக மெனக்கெட்டிருக்கிறீர்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளேதான் விடுவேன் என்றால் குழாயோடு விடுங்கள், குறைந்த விலை ஃபிரேமிலும். குழாய் முடியாதென்றால் பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு மூடி வையுங்கள். மவுண்டன் பைக்கில் ஹெட்செட் பக்கம் போகாதீர்கள். அப்புறம், ஃபோர்க் எத்தனை மில்லிமீட்டர், கேசட்டில் எத்தனை பல் என்று பக்கம் பக்கமாகப் போடும் உங்கள் வெப்சைட்டில், கேபிள் எதில் நுழைந்து எதில் வெளியே வருகிறது, அவுட்டரை எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்று ஒரே ஒரு படம் போடுங்கள். பழைய மாடல்களுக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கம் பைக் ஓட்டும் ஒருவன்