அந்த வாசல் வீடியோ பற்றி: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வாசலில் வைத்த பார்சலை ஒருவர் எடுத்துக்கொண்டு போகிறார். அது நம் கடையில் வாங்கி நாங்கள் மாட்டிக் கொடுத்த கேமராவில் பதிவானது. முகம் இல்லை, முதுகும் செருப்பும்தான் தெரிகின்றன. கூடவே ஒரு வரி: “ஓட்டை கேமராவைத் தலையில் கட்டி ஏமாற்றிவிட்டார்கள்.” கேமரா சரியில்லை என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், ஏமாற்றிவிட்டார்கள் என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தக் கேமரா கெட்டுப்போகவில்லை, கழற்றி வந்து மேசையில் வைத்துப் பார்த்தேன். அது பேட்டரி கேமரா. பேட்டரியை மிச்சப்படுத்த அது பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டுதான் இருக்கும், உடல் சூட்டின் அசைவை உணரும் சிறு சென்சார் ஒன்று தட்டி எழுப்பினால்தான் பதிவைத் தொடங்கும், எழுந்திருக்க ஓரிரு நொடி ஆகும். அந்தச் சென்சார் குறுக்கே கடந்து போகிறவரைச் சட்டென்று பிடிக்கும், நேர் எதிரே நடந்து வருகிறவரைத் தாமதமாகத்தான் உணரும். அந்த வீட்டில் கேமரா கேட்டை நேராகப் பார்த்தபடி இருந்தது. அது கண் விழிப்பதற்குள் வந்தவர் குனிந்து எடுத்துத் திரும்பிவிட்டார். பக்கச் சுவரில் ஓட்டை போட வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னதால் அங்கே மாட்டினோம், அது உண்மைதான், ஆனாலும் இப்படி மாட்டினால் முகம் கிடைக்காமல் போகலாம் என்று அன்றே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஏமாற்றினோம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி வாங்குபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வயர்லெஸ் என்றால் படம் வயர் இல்லாமல் போகும் என்றுதான் அர்த்தம், கரண்ட் வயர் தேவையா இல்லையா என்பது தனிக் கேள்வி. பாட்டி எழுந்து நடமாடுகிறாரா, குழந்தை பள்ளியிலிருந்து வந்துவிட்டதா என்று எப்போதாவது எட்டிப் பார்க்கப் பேட்டரி கேமராவே தாராளமாகப் போதும். வாசலில் ஒரு நொடிகூட விடாமல் பதிவாக வேண்டுமென்றால் பிளக்கில் செருகும் கேமராவும் மெமரி கார்டும்தான் சரி. 1080p தர வீடியோ நொடிக்கு 2 மெகாபிட் அளவில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி பிடிக்கும், அதாவது 64 ஜிபி கார்டில் மூன்று நாள்கூட முழுதாக நிற்காது, பிறகு பழையதை அழித்துக்கொண்டே எழுதும். எனவே ஏதாவது நடந்தால் உடனே அந்த வீடியோத் துண்டைப் போனில் இறக்கிவிடுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் பிக்சல் எண்ணிக்கையைவிட வாசலில் வைஃபை எட்டுகிறதா என்பது முக்கியம். போனை எடுத்துக்கொண்டு மாட்டப்போகும் இடத்திலேயே நின்று பாருங்கள். சுவர் தாண்டிப் போக வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் நல்லது, பல கேமராக்கள் அதில் மட்டும்தான் இணையும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைக்காதீர்கள், இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி வெறும் வெள்ளைப் படலம்தான் தெரியும், அந்தச் சூட்டுச் சென்சாரும் கண்ணாடி வழியே வேலை செய்யாது. கரண்ட் போனால் வைஃபை தரும் ரவுட்டரும் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பாஸ்வேர்டு விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், பெட்டியோடு வந்ததை அப்படியே விடாதீர்கள். 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களைப் பிடித்தது அப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

அப்புறம், பொருத்த வரும் நம் தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டதால் அடுத்த மாதம் முதல் வீட்டுக்கு வந்து பார்க்கத் தனிக் கட்டணம் உண்டு.

அந்த வீடியோவைப் பார்த்த பிறகும் கடைக்கு வந்து, “அண்ணே, என்ன நடந்தது?” என்று என்னிடமே கேட்டவர்களை மறக்க மாட்டேன். மனமார்ந்த நன்றி. நம்மிடம் பேட்டரி கேமரா வாங்கிய யாராக இருந்தாலும் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது, எத்தனை நொடி பதிவாகிறது என்று உட்கார்ந்து பார்த்துச் சரிசெய்து தருகிறேன். கடையில் வைத்துப் பார்ப்பதற்குக் காசு கிடையாது.

அன்புடன்,
கடைக்காரர்