ஐக்கியக் கிறிஸ்துமஸும் கல்லறைத் தோட்டத்துச் சாவியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் வந்தால் தென்மாவட்டங்களில் ஊருக்கு ஊர் ஐக்கியக் கிறிஸ்துமஸ் விழா நோட்டீஸ் ஒட்டுவார்கள். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே, அட்வெண்டிஸ்ட் என எல்லாச் சபைகளின் பெயரும் அதில் இருக்கும். விழாவன்று பாதி நாற்காலி காலி. வராதவர்களுக்கு ஐக்கிய மனசு இல்லை என்று மேடையிலேயே குத்திக்காட்டுவதும் வாடிக்கையாகிவிட்டது. பெரும்பாலும் கோளாறு ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

நாளைக் குறிப்பதிலேயே தொடங்குகிறது. சனிக்கிழமை நாலு மணி எல்லாருக்கும் வசதி என்று கமிட்டி முடிவு செய்கிறது. அட்வெண்டிஸ்டுகளுக்கு வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம் வரை ஓய்வுநாள். பந்தல் வேலை, சமையல், வசூல் எதற்கும் அந்த நேரத்தில் அவர்கள் கைகொடுக்க முடியாது. விழாவை ஆறரைக்குத் தள்ளினால் போதும். சாப்பாடும் அப்படித்தான். பன்றிக்கறி, இறால், நண்டு அவர்களுக்கு ஆகாது. பலர் சுத்த சைவம். அதனால் சைவத்துக்குத் தனிக் கரண்டி, தனிப் பந்தி வேண்டும். போர்ச்சேவகர்கள் எனப்படும் இரட்சணிய சேனை உறுப்பினர்கள் மதுவைத் தொடுவதில்லை என்று உறுதிமொழி எடுத்தவர்கள். பிளம் கேக்கில் ரம் ஊற்றியிருந்தால் தட்டை நீட்டும் முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

ஆராதனையில் பெரிய சறுக்கல், எல்லாரும் சேர்ந்து திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுக்கலாம் என்ற ஆசை. கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்கு அதற்கு இடம் தராது. இரட்சணிய சேனையில் திருவிருந்தும் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை. நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு, இரண்டு கூட்டத்தாரை எல்லார் முன்னாலும் எழாமல் உட்கார வைத்துவிடுகிறது. வேதவாசகம், பாடல், மன்றாட்டு, ஏழைகளுக்கான காணிக்கை என்று நிறுத்திக்கொள்ளலாம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைக் கத்தோலிக்கர் ஒரு வடிவத்திலும் மற்றவர்கள் வேறு வடிவத்திலும் மனப்பாடம் செய்திருப்பார்கள். மைக்கில் ஒன்றும் கூட்டத்தில் ஒன்றுமாக மோதி, நடுவில் எல்லாரும் முணுமுணுத்து முடிப்பார்கள். அரைத்தாளில் ஒரு வடிவத்தை அச்சடித்துக் கையில் கொடுத்தால் தீர்ந்தது. பெந்தெகொஸ்தே சபையார் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள். அதற்கு மூன்று நிமிடமும் மௌன ஜெபத்துக்கு இரண்டு நிமிடமும் நிகழ்ச்சி நிரலிலேயே போட்டுவிட்டால் யாரும் திடுக்கிட மாட்டார்கள். செய்தி கொடுப்பவருக்குப் பதினைந்து நிமிடமும், கொடுத்த வேதபகுதியும் மட்டும். சபைகளுக்குள் சர்ச்சையான மாதா வணக்கம், முழுக்கு ஞானஸ்நானம், அந்நியபாஷையில் பேசுவது மூன்றும் அந்த மேடைக்கு வேண்டாம். நன்றியுரைக்கு மட்டும் பெந்தெகொஸ்தே பாஸ்டரைக் கூப்பிடுவதை விடக் கூப்பிடாமலே இருக்கலாம்.

இதற்கெல்லாம் நம்மிடமே முன்மாதிரி உண்டு. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றானபோது, ஏற்கெனவே ஊழியம் செய்தவர்களை மறுபடி அபிஷேகம் பெறச் சொல்லவில்லை. எந்தச் சபையின் மனச்சாட்சிக்கும் ஒவ்வாத வழிபாட்டு முறையையோ போதகரையோ அதன்மேல் திணிப்பதில்லை என்று எழுத்திலேயே உறுதி கொடுத்தார்கள். எழுதி வைத்ததுதான் அவர்களின் கெட்டிக்காரத்தனம்.

கல்யாணத்தில் எழுத்து இன்னும் அவசியம். கத்தோலிக்கப் பெண் சி.எஸ்.ஐ. மாப்பிள்ளையைக் கட்ட, மாப்பிள்ளை மதம் மாற வேண்டியதில்லை, அவருடைய ஞானஸ்நானத்தைத் திரும்பக் கொடுப்பதும் இல்லை. பெண் தரப்பு ஆயரின் அனுமதி பெற வேண்டும், சி.எஸ்.ஐ. கோவிலில் நடத்துவதானால் அதற்குத் தனி விதிவிலக்கும் வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகப் பெண் வாக்களிப்பார், அது மாப்பிள்ளைக்குத் தெரிவிக்கப்படும். ஓலை வாசிக்கும் (கோவிலில் கல்யாண அறிவிப்பு சொல்லும்) வாரத்தில் ஓடினால் நடக்காது, மூன்று மாதம் முன்பே போக வேண்டும். பெந்தெகொஸ்தே வீட்டுப் பெண் என்றால் தாலியா, நகையா, ஒன்றும் வேண்டாமா என்பதை நிச்சயத்தன்றே பேசி முடிக்க வேண்டும். தனிச்சபைப் பாஸ்டர் நடத்துவதானால், 1872ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை.

உண்மையான சோதனை சாவு வீட்டில். சபையை விட்டு வேறு சபைக்குப் போனவர் இறந்துவிடுகிறார். அப்பா அம்மா கல்லறை பழைய சபைத் தோட்டத்தில். உடல் பிரீசர் பெட்டியில் கிடக்க, எத்தனையோ வருடச் சபைச் சந்தா பாக்கியைக் கட்டு, எங்கள் போதகர்தான் அடக்க ஆராதனை நடத்துவார் என்று கமிட்டி நிற்கும். பணம் வேறு, ஆராதனை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதால்தான் வழக்கு, காவல் நிலையம் வரை போகிறது. குழி வெட்டும் கூலி, இடத்துக்கான தொகை இரண்டும் உறுப்பினர் அல்லாதவருக்கு எவ்வளவு என்று சாவு எதுவும் இல்லாத மாதத்தில் தீர்மானம் போட்டு வைக்க வேண்டும். விலகிப்போன வருடங்களுக்குப் பாக்கி கேட்கக் கூடாது. ஜெபிப்பது யார் என்பது குடும்பத்தின் விருப்பம். கமிட்டி நேரத்தை மட்டும் குறிக்கலாம். குடும்பத்திலேயே இரண்டு சபை என்றால், கத்தோலிக்க உறவினர் முந்தின இரவு ஜெபமாலை சொல்லட்டும், காலையில் பாஸ்டர் ஆராதனை நடத்தட்டும். இரண்டையும் ஒரே மணி நேரத்தில் அடைத்தால் பெட்டியருகே சத்தம் வரும்.

தீர்மானித்த தொகையைத் தோட்டத்துக் கதவில் தகரப் பலகையில் எழுதி மாட்டிவிடலாம். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
சபை ஊழியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை