பாட்டுக்கு நடுவே தக்காளி விலை

ஆசிரியருக்கு,

உலக வானொலி நாளையொட்டி (பிப்ரவரி 13) வெளியான தலையங்கம் வாசித்தேன். காலை நிகழ்ச்சிகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒரே வரியில் முடித்திருக்க வேண்டாம். விடிந்தும் விடியாமலும் தக்காளி பறிப்பவர்களுக்குச் செய்தித்தாள் பிரிக்க நேரம் ஏது? எங்கள் தோட்டத்து வரப்பில் தருமபுரி வானொலி 102.5 பாடிக்கொண்டிருக்கும். கூடவே முணுமுணுப்பவர்கள், வானிலை அறிவிப்பு வந்ததும் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பார்கள். மழை என்றால் அன்றைக்கு மருந்து தெளிப்பதில்லை. பாட்டுக்காகத்தான் திறக்கிறோம், சரி. பாட்டு இல்லையென்றால் அந்த அறிவிப்பும் காதில் விழாதே.

பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தைகளின் தக்காளி விலையையும் ஒகேனக்கல் நீர்வரத்தையும் காலை 7 மணிக்குள், இரண்டு பாட்டுக்கு நடுவே, தவறாமல் சொல்ல நிலையத்தார் ஏற்பாடு செய்யலாம். நம்மூர்ப் பேச்சிலேயே சொன்னால் இன்னும் நல்லது.

- விவசாயி ஒருவர், பாலக்கோடு