நிழலை அளக்கட்டும், பிழையையும் கணக்கிடட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. அந்த 25-க்காக எழுதப்படும் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினால் வகுப்பு முழுக்க ஒரே விடை, அதுவும் புத்தகத்து விடை. பத்துப் பேர் உண்மையாகவே அளந்தால் பத்து விடையும் கொஞ்சமாவது வேறுபடும். ராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் மேம்பட, அளந்த விதத்துக்கும் பிழை எங்கிருந்து வந்தது என்ற விளக்கத்துக்கும் மதிப்பெண் தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. செப்டம்பர் 23 அன்று ராமேஸ்வரத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டால், உச்சிவேளையில் அதன் நிழல் வடக்கே சுமார் 16.3 செ.மீ. விழும். 16.3-ஐ 100-ஆல் வகுத்து, டேன்ஜென்ட் அட்டவணையில் அதற்குரிய கோணத்தைப் பார்த்தால் 9.3 டிகிரி வரும். செப்டம்பர் 23, மார்ச் 21 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்பதால் அதுதான் ஊரின் அட்சரேகை. முக்கோணவியல் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நேரான பதில் எங்களுக்குத் தெரியவில்லை.

தவறுவது எங்கே? முதலாவது, கடிகாரம். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, ராமேஸ்வரம் 79.3-இல் இருக்கிறது. அதனாலும், சூரியன் ஆண்டு முழுவதும் கடிகாரத்தோடு ஒரே சீராக ஓடாததாலும் இங்கே உச்சிவேளை செப்டம்பர் 23-இல் சுமார் 12.05-க்கும், மார்ச் 21-இல் சுமார் 12.20-க்கும் வரும். மார்ச்சில் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அளந்தால் நிழல் 18.6 செ.மீ. இருக்கும், கணக்கில் ராமேஸ்வரம் ஏறக்குறைய 140 கி.மீ. வடக்கே போய்விடும். கடிகாரத்தை நம்பாமல், செப்டம்பரில் 11.45 முதல் 12.25 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து, மிகக் குறைந்த நீளத்தை எடுப்பதே சரி.

இரண்டாவது, சாய்வு. குச்சி தெற்கு வடக்காக ஒரு டிகிரி சாய்ந்தாலே 111 கி.மீ. பிழை. தூண்டில் நரம்பில் ஈயக்குண்டு கட்டினால் தூக்குக்குண்டு தயார். மணலில் நடவே கூடாது. சிமெண்ட் தரையில், கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும். மூன்றாவது, நிழலின் முனை. சூரிய வட்டமே அரை டிகிரி அகலம் என்பதால் முனை ஏறக்குறைய ஒரு செ.மீ. அளவுக்கு மங்கலாகத்தான் இருக்கும். அதன் நடுவைக் குறிக்க வேண்டும். குச்சியை நீளமாக்கினால் மங்கலும் கூடவே நீளும்.

இதே டிகிரியைத்தான் விசைப்படகின் ஜிபிஎஸ் கருவியும் காட்டுகிறது. அட்சரேகையில் ஒரு நிமிடம், அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, என்பது ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. கிழக்கு மேற்காக ஒரு நிமிடம் இங்கே 1.83 கி.மீ. தான்; 9.3 டிகிரியின் கொசைனால் பெருக்கினால் அந்தக் குறைவு ஏன் என்று புரியும். படகுக் கருவி பெரும்பாலும் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று காட்டும். கைபேசி டிகிரியின் தசமமாகவே காட்டும். 9 டிகிரி 17.25 நிமிடத்தைக் கைபேசியில் 9.1725 என்று பதிந்தால் என்ன ஆகும்? 17.25-ஐ 60-ஆல் வகுத்தால் 0.2875, சரியான எண் 9.2875. வித்தியாசம் 0.115 டிகிரி, அதாவது 6.9 கடல் மைல், ஏறக்குறைய 12.8 கி.மீ. எல்லைக்கோடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கடலில் இது சின்னப் பிழை இல்லை. பின்னமும் தசமமும் நடத்தும் ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். படகு ஓட்டும் பெற்றோர் ஒருவரைக் கருவியோடு வகுப்புக்கு அழைக்கலாம்.

அடர்த்திக்கு உப்பளம் இருக்கிறது. ஒரே பருமனுள்ள காலிப் பேனாக் குழாயின் அடியையும் பக்கத் துளையையும் மெழுகால் அடைத்து, நல்ல தண்ணீரில் 10 செ.மீ. மூழ்கி நிமிர்ந்து நிற்கும்வரை சிறு ஆணிகளை உள்ளே போட்டால், அடர்த்தியை அளக்கும் மிதவைமானி கிடைக்கும்; நீரின் அடர்த்தி கூடினால் அது மூழ்கும் ஆழம் குறையும். களிமண் உருண்டையை வெளியே ஒட்டினால் பருமன் கெட்டுக் கணக்கும் கெடும். கடல் நீரில் இது சுமார் 9.76 செ.மீ. மூழ்கும். நல்ல தண்ணீரோடு வித்தியாசம் இரண்டரை மி.மீ. கூட இல்லை, பென்சில் கோட்டின் தடிமனிலேயே பாதி மறைந்துவிடும். வகுப்பில் இந்தச் சோதனை ‘வரவில்லை’ என்று கைவிடப்படுவது இதனால்தான். உப்பு விளையும் பாத்தியின் நீரில் அடர்த்தி நல்ல தண்ணீரைப்போல் 1.2 மடங்கு இருக்கும்; குழாய் 17 மி.மீ. மேலே எழும். அங்கிருந்து தொடங்கி, கடல் நீரைக் கடைசியில் அளக்க வேண்டும்.

கல்வித் துறை செய்ய வேண்டியது அதிகமில்லை. பாடம் நடக்கும்போதே செய்யப்படும் வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடுகளில் இத்தகைய அளவீட்டைச் சேர்க்கட்டும். செய்முறைத் தேர்வில் பிழை விளக்கத்துக்கென்று மதிப்பெண் ஒதுக்கட்டும். செப்டம்பர் 23-ஐ ஒட்டிக் காலாண்டுத் தேர்வு வரும் என்பது எங்களுக்கும் தெரியும். அன்று முடியாவிட்டால் முதல் நாளோ மறுநாளோ ஒன்பதாம் வகுப்பை முக்கால் மணி நேரம் வெளியே விடத் தலைமையாசிரியர்கள் அனுமதித்தால் போதும். அந்த நாட்களில் நிழல் நாளுக்கு 7 மி.மீ. நீளும், அதைக் கூட்டியோ கழித்தோ பிள்ளைகளே சரிசெய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
கணித, அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
மண்டபம் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.