மேலறைக்கு வேண்டிய கடதாசி

ஹரோ, லண்டன்
12.04.2025

அன்புள்ள மலர்,

தைப்பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு வருடப்பிறப்பு வரும்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபம் வந்தால் அந்தப் பச்சைக் குடையை நினைத்துக்கொள், சரியா? சின்னவனின் கலியாணப் படங்கள் பார்த்தேன். தலைப்பாகையோடு அப்படியே உன் அண்ணர்! உனக்குச் சீனி இப்போது எவ்வளவு? மருந்தை ஒழுங்காக எடு, சுகுணாவைப் போல நினைத்த நேரம் எடுக்காதே.

இவருடைய முழங்கால் படி ஏற விடுகிறதில்லை. அதனால் இந்த வீட்டை விற்றுவிட்டு, மூத்தவள் இருக்கும் மில்டன் கீன்ஸில் மாடியில்லாத சின்ன வீடு ஒன்று வாங்கப்போகிறோம் என்று போன வருடம் எழுதினேன் அல்லவா? இன்னும் ஹரோவில்தான் இருக்கிறோம். ஏழு மாதமாக நித்திரை இல்லை. உன்னிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

புரட்டாதியிலேயே விலை பேசி முடிந்தது. ஊரில் என்றால் உன் பெரியப்பாவின் விறாந்தையில் இரண்டு சாட்சிகளை இருத்தி, உறுதி எழுதி, தேத்தண்ணி குடித்து எழும்பியிருப்போம். இங்கே விலை பேசுவது வெறும் பேச்சுதான். கையொப்பம் வைத்த ஒப்பந்தங்களை இரண்டு பக்கச் சொலிசிட்டர்களும் மாற்றிக்கொள்வதை 'எக்ஸ்சேஞ்ச்' என்கிறார்கள். அதுவரை யாரும் விலகலாம், மற்றவருக்கு ஒரு பென்னியும் கொடுக்க வேண்டியதில்லை. அதுபோதாதென்று எல்லா வீடும் ஒன்றில் ஒன்று தொங்குகிறது. எங்கள் வீட்டை எடுக்கும் குடும்பம் தங்கள் பிளாட்டை விற்றால்தான் வரமுடியும். அந்தப் பிளாட்டை முதல் வீடாக வாங்குவது ஓர் இளம் சோடி. எங்களுக்கு விற்கும் கிழவர் முதியோர் குடியிருப்புக்குப் போகக் காத்திருக்கிறார். நாலு வீட்டுச் சனமும் ஒரே நாளில் கிளம்ப வேண்டும். ஒருவர் கடதாசி பிந்தினால் மற்ற மூன்று பேரும் பெட்டிகளுக்கு நடுவே இருக்க வேண்டியதுதான். இதற்குத்தான் 'செயின்' என்று பெயர்.

முதலில் அந்தப் பிளாட்டால் பிந்தியது. அது நிலம் வேறொருவருக்குச் சொந்தமான நீண்டகாலக் குத்தகை வீடு. நிலச் சொந்தக்காரரின் நிர்வாகக் கம்பனி பராமரிப்புக் கட்டணம், காப்புறுதி விபரமெல்லாம் தரவேண்டும். ஏழு கிழமை எடுத்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் அந்தக் குடும்பத்தைத் திட்டினேன். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

மார்கழியில் எங்கள் சொலிசிட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: கூரைக்குள் அறை கட்டிய லொஃப்ட் வேலை முடிந்ததற்கான கட்டட விதிச் சான்றிதழ் எங்கே? 2006 இல் கட்டினோமே, சுகுணா வந்து இரண்டு மாதம் படுத்திருந்த அந்த மேலறை. வீடு முழுக்கத் தேடினேன். கட்டியவர் கடைசிப் பரிசோதனைக்குக் கவுன்சில் ஆளைக் கூப்பிடவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. சாமிப் படங்களை மேலே கொண்டுபோய் வைத்து விளக்கேற்றினோம், அவ்வளவுதான்.

அதன்பிறகு நான் செய்ததுதான் பெரிய பிழை. அடுத்த நாளே கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்து, பெயர், வீட்டு இலக்கம், நடந்தது எல்லாம் சொன்னேன். இப்படிச் சான்றிதழ் இல்லாத வேலைகளுக்கு ஒரு காப்புறுதி இருக்கிறதாம். பின்னர் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் செலவை அது பார்த்துக்கொள்ளும். எடுக்கவும் பெரிய காசு இல்லை, பலரும் அப்படித்தான் விற்கிறார்களாம். ஆனால் கவுன்சிலோடு ஒருமுறை கதைத்துவிட்டால் அந்தக் காப்புறுதியை எடுக்க முடியாது! கவுன்சிலோடு கதைக்க வேண்டாம் என்று நான் கதைத்து முடித்த பிறகுதான் சொலிசிட்டர் அலுவலகத்தில் சொன்னார்கள். உண்மையைச் சொன்னதற்கு இப்படி ஒரு தண்டனை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அதனால் பழைய வேலைக்குப் பின்னால் சான்றிதழ் எடுக்கும் வழியில் போனோம். மாசியில் அதிகாரி வந்தார், நல்ல மனிதர். இரும்பு உத்தரத்தைப் பார்க்கக் கூரைப் பலகையை வெட்டச் சொன்னார். உத்தரம் சரி. கதவுகள்தான் சரியில்லை. அரை மணி நேரம் தீயைத் தாங்கும் கதவுகள் படிப்பக்கம் முழுக்கப் போட வேண்டும் என்றார். ஆள் பிடித்து, கதவு எடுத்து, போட்டு முடிக்கப் பங்குனியும் முடிந்துவிட்டது.

மார்ச் 31 ஓடு, வீடு வாங்குபவர்கள் அரசுக்குக் கட்டும் முத்திரை வரியில் இருந்த சலுகையும் முடிந்தது, மலர். முதல் வீடு வாங்குபவர்களுக்கு 425,000 பவுண் வரை இருந்த விலக்கு, அடுத்த நாளிலிருந்து 300,000 தான். அந்தப் பிளாட்டின் விலை 400,000. மார்ச்சுக்குள் முடிந்திருந்தால் அவர்கள் வரியே கட்டத் தேவையில்லை. இப்போது 5,000 பவுண் கட்ட வேண்டும். எங்களுக்கும் நடுவில் இருக்கும் குடும்பத்துக்கும் தலைக்கு 2,500 கூடியது, அது போகட்டும். பிளாட்டை வாங்கும் அந்த இளம் பெண் ஆறு மாதக் கர்ப்பிணி என்று ஏஜன்ட் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. சந்தித்ததும் இல்லை, சொலிசிட்டர்கள்தான் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக் கதவால் அவள் பிள்ளைக்குச் சேர்த்த காசு போகிறதே என்று அன்று இரவு முழுக்க அழுதேன்.

எங்கள் விலையில் 5,000 குறைப்போம், நடுவில் இருக்கும் குடும்பம் அதைப் பிளாட்டில் குறைக்கட்டும் என்று இவரிடம் சொன்னேன். சட்டப்படி எங்களுக்கு அந்தக் கடமை இல்லை என்றார். கடமை இல்லைத்தான். இரண்டு நாள் கதைக்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவரே சொலிசிட்டருக்கு எழுதினார். நடுவில் இருப்பவர்களும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்கள்.

எனக்கு ஆற்றாத கோபம் ஒன்று உண்டு. இந்தக் கடதாசிகளை எல்லாம் விற்பனைப் பலகை நடுவதற்கு முன்பே கேட்டிருந்தால் என்ன? 2007 இல் விற்பவரே விபரக்கோவை ஒன்று தயாரிக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்து, 2010 இல் நிறுத்திவிட்டார்கள். வாங்க ஆள் வந்து, எல்லோரும் சாமான் கட்டிய பிறகா லொஃப்டைப் பற்றிக் கேட்பது? உங்கள் கிழக்கு வேலிப் பக்கத்து உறுதியை நீயும் இப்போதே எடுத்துப் பார். விற்கிற எண்ணம் இல்லாவிட்டாலும் பார். அண்ணரிடம் பிரதி இருக்கிறது என்று நம்பி இருக்காதே.

சான்றிதழ் வியாழக்கிழமை வந்தது! பெரிய வெள்ளிக்கு முன் எக்ஸ்சேஞ்ச் செய்யலாம் என்கிறார்கள். கிழவரின் மகள் ஏஜன்ட் மூலம் கேட்டனுப்பினா, தோட்டத்து ரோசாக்களைப் பார்த்துக்கொள்வீர்களா என்று. பார்த்துக்கொள்வேன் என்று சொல்லச் சொன்னேன். இங்கே நிற்கும் மல்லிகையை விட்டுவிட்டுப் போகிறேன். கறிவேப்பிலைச் சாடியை மட்டும் எங்களோடு கொண்டுபோவதாகப் படிவத்தில் எழுதியிருக்கிறேன்.

நாளை மறுநாள் வருடப்பிறப்பு. இன்னும் பெட்டி பிரிக்காத குத்துவிளக்கை எடுக்க வேண்டும். ஒடியல் மா அனுப்புவதென்றால் மூத்தவளின் விலாசத்துக்கு அனுப்பு.

அன்புடன்,
தேவி