சீரியத்துக்காக ஒரு கடிதம்

நாகர்கோவில்
2 நவம்பர் 2025

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் தீபாவளி முடிந்த வாரம் கிடைத்தது. பேத்திக்கு உன் அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறீர்கள் என்று படித்ததும், அந்த அம்மா நமக்கு அள்ளிப் போட்ட சோறும் மீன்குழம்பும் நினைவுக்கு வந்துவிட்டன. மதினிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய ஆறுதல். இங்கே ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. எனக்கு வலக்கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்துவிட்டார்கள். செய்தித்தாளின் பொடி எழுத்துவரை தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தெம்பில்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

"உங்கள் ஊர் மணலில் நியோடிமியம் இருக்கிறதாமே, இனிச் சீனா கதவைச் சாத்தினாலும் மின்சார வாகனக் காந்தத்துக்குக் கவலையில்லையாமே" என்று கேட்டிருந்தாய். இருக்கிறது, உண்மைதான். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் மோனசைட் என்ற தேன் நிறக் கனிமம் கலந்து கிடக்கிறது. அதன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நியோடிமியம் போன்ற அரிய மண் உலோகங்களின் ஆக்சைடுகள். ஆனால் அந்த ஆக்சைடுகளில் நியோடிமியம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தேறும். கிட்டத்தட்டப் பாதி சீரியம் என்ற இன்னொரு உலோகம்! ஒரு கிலோ நியோடிமியம் வேண்டுமென்றால் இரண்டு கிலோவுக்கு மேல் சீரியமும் கூடவே வந்தே தீரும். பத்திரிகையைத் திறந்தால் காந்தம், காந்தம் என்றே எழுதுகிறார்கள். கூட வரும் பெரும்பங்கைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கு இது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் உன் கேள்விக்கு நான் சீரியத்தைக் கொண்டுதான் பதில் சொல்லப் போகிறேன்.

நமக்கு அது புதிய ஆள் அல்ல. கல்லூரி ஆய்வகத்தை நினைத்துப் பார். பியூரெட்டில் சீரியத்தின் உப்பான செரிக் அம்மோனியம் சல்பேட்டின் மஞ்சள் கரைசல். கூம்புக் குடுவையில் இரும்பு உப்பும் ஃபெரோயின் என்ற நிறங்காட்டி ஓரிரு சொட்டும். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் ஆரஞ்சுச் சிவப்பு சட்டென்று மறைந்து வெளிர்நீலம் வந்துவிடும். சீரியத்தின் மொத்தக் குணமும் அந்தச் சொட்டுக்குள் இருக்கிறது. அதன் இனத்தைச் சேர்ந்த மற்ற உலோகங்கள் பெரும்பாலும் 3 எலெக்ட்ரான்களைக் கொடுத்ததும் நின்றுகொள்ளும். சீரியம் நான்காவதையும் கொடுக்கும், தேவைப்பட்டால் அதைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கலை நம்பித்தான் அதன் பிழைப்பில் பாதி நடக்கிறது.

தாதுவிலிருந்து அதன் ஆக்சைடை 1803இல் சுவீடனில் பெர்சீலியசும் ஹிசிங்கரும், ஜெர்மனியில் கிளாப்ரோத்தும் தனித்தனியே கண்டறிந்தார்கள். அதை உலோகமாகப் பிரித்தெடுக்க 1875 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அணு எண் 58. சாம்பல் நிறம், கத்தியால் நறுக்கும் அளவுக்கு மென்மை. நறுக்கிய இடம் பளபளவென்று இருக்கும், காற்றுப் பட்டதும் மங்கத் தொடங்கிவிடும். கத்தியால் கீறினால் பொறி பறக்கும். 800 டிகிரியை நெருங்கும்போதே உருகிவிடும், கொதிக்க வேண்டுமென்றால் 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அரிதா என்றால், பூமியின் மேலோட்டில் அது செம்பு இருக்கும் அளவுக்கு இருக்கிறது. ஈயத்தையும் வெள்ளீயத்தையும்விட அதிகம்.

அந்தப் பொறியைக் காசாக்கியவர் ஆஸ்திரியாவின் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக். சீரியத்தோடு இரும்பைச் சேர்த்து 1903இல் அவர் செய்த கலவைதான் சிகரெட் லைட்டருக்குள் இருக்கும் குட்டிக் கல். ஆனால் நம் வாழ்க்கைக்குள் அவர் நுழைந்தது அதற்கும் முந்தைய கண்டுபிடிப்பு ஒன்றின் வழியாக. கோயில் கொடைத் திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றுவதை நாம் சுற்றி நின்று பார்ப்போமே, நினைவிருக்கிறதா? மேண்டில் என்ற வலைத்துணிப் பையைக் கட்டித் தீ வைத்ததும் துணி எரிந்துபோகும். வெள்ளைச் சாம்பல் கூடு மட்டும் தொங்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும் அந்தச் சாம்பல்தான் பிறகு கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தைத் தரும். துணியைத் தோரியம், சீரியம் உப்புகளில் தோய்த்திருப்பார்கள். எரிந்து எஞ்சுவது 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியம் ஆக்சைடு மட்டும் இருந்தால் மங்கலான ஒளிதான் வரும். சீரியம் கூடிப்போனாலும் வெளிச்சம் விழுந்துவிடும். தோரியம் ஆக்சைடு வெப்பத்தை அதிகம் கதிர்வீசி இழக்காமல் கூட்டைத் தகதகவென்று சூடாக வைத்திருக்க, அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுவது அந்த ஒரு பங்கு சீரியம். இந்த விகிதத்தை எட்டி 1891இல் அவர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

நம் கடற்கரையின் வரலாறு அந்த மேண்டிலோடுதான் தொடங்குகிறது. மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும், தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு இங்கே வந்து, மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார். முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானிய உளவாளி என்று அவரைக் கைது செய்தார்கள். ஆலை ஆங்கிலேய நிறுவனத்தின் கைக்குப் போனது. கயிறு திரித்தவர்களுக்கும் அதைக் கப்பலேற்றியவர்களுக்கும் அந்த மணல் வெறும் அழுக்கு. நான் மாணவர்களுக்குப் பாடம் நடத்திய காலமெல்லாம் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

மேண்டில் காலம் போய்விட்டது, சீரியம் போகவில்லை. வீட்டில் பழுதான எல்.ஈ.டி. பல்பு இருந்தால் மேல் மூடியைக் கழற்றிப் பார். தகட்டில் வரிசையாகச் சிறு சிறு மஞ்சள் சதுரங்கள் ஒட்டியிருக்கும். பல்பு எரிவது வெள்ளையாக, உள்ளே இருப்பது மஞ்சளாக! அந்தச் சதுரத்தின் அடியில் இருக்கும் சில்லு வெளியிடுவது நீல ஒளி. மேலே பூசியிருக்கும் மஞ்சள் பொடி, இட்ரியமும் அலுமினியமும் சேர்ந்த கார்னெட் படிகம். அதில் துளியளவு சீரியம். நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாகத் திருப்பித் தருவது அந்தத் துளிதான். மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் கலந்துதான் நம் கண்ணுக்கு வெள்ளை. ஜப்பானின் நிச்சியா நிறுவனம் இதை 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொடைக்கு வெளிச்சம் கொடுத்த அதே தனிமம்தான் இன்று உன் பேத்தியின் தொட்டிலுக்கு மேலேயும் வெளிச்சம் கொடுக்கிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

உன் தம்பியின் லென்ஸ் பட்டறையையும் இதில் சேர்த்தே ஆக வேண்டும். கண்ணாடி லென்ஸ்தான் எல்லோரும் போட்ட அந்த நாளில், ஈரப் பொடி அப்பிய சுழலும் தட்டில் அவன் லென்ஸைப் பிடித்துக்கொண்டிருப்பான். விரல் இடுக்கெல்லாம் இளஞ்செம்மையாக இருக்கும். அது சீரியம் ஆக்சைடு. வெறுமனே உராய்ந்து தேய்க்கிற பொடி அல்ல அது. தண்ணீரில் ஊறி இளகிய கண்ணாடிப் பரப்போடு வேதியியல் முறையில் ஒட்டி, அணு அளவில் பிய்த்துக்கொண்டு வருகிறது. முன்பு பயன்படுத்திய இரும்பு ஆக்சைடுப் பொடியை அது ஓரங்கட்டியதற்கு இந்த வேகமே காரணம். இன்று மூக்குக் கண்ணாடி பெரும்பாலும் பிளாஸ்டிக்காகிவிட்டது. செல்போன் திரையும் கேமரா லென்ஸும் இன்னமும் சீரியத்தால்தான் மெருகேறுகின்றன.

கார் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றியிலும் அதே கொடுக்கல் வாங்கல். எஞ்சினில் காற்று மிகுந்தால் சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. காற்று குறைந்தால் அதை விட்டுக்கொடுக்கிறது. கார்பன் மோனாக்சைடு கேடு குறைந்த கார்பன் டை ஆக்சைடாக மாறுவது இப்படித்தான். பிளாட்டினமும் பல்லேடியமும் பெயர் வாங்கிக்கொள்கின்றன, பக்கத்தில் நின்று மூச்சுக் கொடுப்பது சீரியம்.

இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே சோல்ஃபத்தாரா என்ற எரிமலைப் பகுதியில் கொதிக்கும் சேற்றுக் குழிகள் இருக்கின்றன. அங்கே வாழும் பாக்டீரியா ஒன்றை ஆய்வகத்தில் வளர்க்க, அந்தச் சேற்று நீரையே ஊற்ற வேண்டியிருந்தது. அந்த நீரில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடியபோது, அதற்கு வேண்டியது சீரியம் போன்ற அரிய மண் உலோகங்கள்தான் என்று தெரிந்தது. உயிருக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை என்று நம் காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். 2014இல் வெளிவந்த ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

இனி மணலுக்கு வருகிறேன். ஆலையில் நடப்பது, கருமணலில் கலந்திருக்கும் கனிமங்களைத் தனித்தனியே பிரித்தெடுக்கும் வேலை. இல்மனைட்டைக் காந்தம் இழுத்துக்கொள்ளும், ரூட்டைல் மின்சாரம் கடத்தும், சிர்க்கான் இரண்டுக்கும் அசையாது, மோனசைட் காந்தத்துக்கு லேசாக மட்டும் இணங்கும். இந்த வேறுபாடுகளை வைத்தே ஒவ்வொன்றையும் ஒதுக்குகிறார்கள். மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால் அதற்கு அணுசக்திச் சட்டத்தின் காவல் உண்டு. 1950இல் தொடங்கிய இந்திய அருமண் நிறுவனம் ஒடிசாவில் அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து உடைக்கிறது, கேரளத்தின் ஆலுவாவில் தனித்தனி உலோக உப்புகளாகச் சுத்தம் செய்கிறது. அந்தக் கலவையில் சீரியத்தை ஒதுக்குவது எளிது. அந்த நான்காவது எலெக்ட்ரானைப் பறித்துவிட்டால் அது தனியே விலகி நிற்கும். மற்ற உலோகங்களைப் பிரிக்கத்தான் அடுக்கடுக்காகக் கரைப்பான் தொட்டிகள் வேண்டும்.

எளிதில் கிடைக்கிறது, நிறையக் கிடைக்கிறது, ஆகவே விலை மலிவு. நியோடிமியத்துக்காக உலகமெங்கும் தோண்டத் தோண்ட, கூடவே வரும் சீரியம் கேட்பாரற்றுக் குவிகிறது. சீனா இந்த ஏப்ரலில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு தனிமங்களில் சீரியம் இல்லை. அதற்குத் தட்டுப்பாடே கிடையாதே! அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் அலுமினியத்தோடு சீரியத்தைச் சேர்த்து வார்க்கிறார்கள். சூட்டைத் தாங்கும் வலிமை கிடைக்கிறது, வார்த்த பிறகு சூளையில் வைத்துப் பதப்படுத்தும் செலவு மிச்சமாகிறது. இப்படி ஒரு முயற்சி நம் நாட்டில் பெரிய அளவில் நடக்க வேண்டும். மோட்டார் பம்பு வார்க்கும் கோயம்புத்தூரில் இதைச் செய்ய முடியாதா, சொல்.

நான் இதை வேதியியல் பாசத்தில் மட்டும் சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்துக் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் பற்றி நீயும் படித்திருப்பாய். 2024இல் மீனவக் கிராமங்கள் திரண்டு எதிர்த்ததால் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. இந்த செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டது. இது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். மணல் மேட்டை எடுத்தால் கடல் வீட்டுக்குள் வரும் என்று அஞ்சுகிறவனை, கதிரியக்கத்தை நினைத்துத் தூக்கம் இழந்தவளை, எதிரே உட்காரவைத்துப் பேசாமல் எந்தக் காந்தமும் செய்ய வேண்டியதில்லை. அப்படிப் பேசி, அவர்கள் ஒப்பி, மணலை எடுத்தே ஆக வேண்டும் என்று வந்தாலும், ஐந்தில் ஒரு பங்கான நியோடிமியத்தை எடுத்துக்கொண்டு பாதியான சீரியத்தைக் கிடங்கில் போட்டுவைப்பது அந்தக் கரைக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

உன்னால் ஓர் உதவி ஆக வேண்டும். தம்பியின் பட்டறை இப்போது மகன் கையில் என்று எழுதியிருந்தாய். கேமரா லென்ஸ் வேலையும் எடுக்கிறானாமே. மெருகேற்றி முடிந்த பொடிக் கலங்கலை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேள். சாக்கடையில் ஊற்றுகிறார்களா, வாங்கிக்கொள்ள யாராவது வருகிறார்களா? அதிலிருந்து கண்ணாடித் தூளை நீக்கிச் சீரியத்தை மறுபடி எடுக்க வழிகள் உண்டு. எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அறிவியல் கண்காட்சிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று என்னைச் சுற்றி வருகிறார்கள். அவர்களை வைத்து இதைச் செய்து பார்க்க ஆசை. ஒரு டப்பா கலங்கல் கிடைத்தால் உலர்த்தி, பார்சலில் அனுப்பச் சொல். செலவு என்னுடையது.

மதினிக்கு என் வணக்கம். பேத்தியின் படம் ஒன்றை மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
நடராஜன்